கத்தத் தெரிந்த பெண் தேவை

விசைத்தறி வந்த நாளிலிருந்து எங்கள் பாவடி வீதியில் ஒரு பெண் கத்தியது இன்னொருவர் காதில் விழுந்ததில்லை. அதற்காக எங்களை வாயில்லாப் பூச்சிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளை பெறும்போது கத்தியிருக்கிறோம், முந்தானை தறிக்குள் சிக்கியபோது கத்தியிருக்கிறோம், கட்டினவன் கண்ணை மூடியபோது வீதியில் விழுந்து கத்தியிருக்கிறோம், ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து இருநூற்றுச் சொச்சம் தறி ராப்பகலாக ஓடுகிற ஓடப்பாளையத்தில் எங்கள் வாய் திறந்து மூடுவது தெரியுமே தவிர சத்தம் தெரியாது. உதட்டைப் பார்த்துப் பேசினோம், விரலைக் காட்டி விலை கேட்டோம், சண்டையைக்கூடக் கையாலேயே போட்டுக் கையாலேயே முடித்துக்கொண்டோம். மாதத்தில் ஒரு நாள், மின்வாரியம் பராமரிப்புக்கென்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்டை நிறுத்துகிற அந்த ஒரே ஒரு நாளில் மட்டும், வீதி முழுக்கக் காக்கா சத்தமும் குழந்தை அழுவதும் கேட்கும். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் தூங்கிவிடுவோம்.

என் மகள் கோகிலவாணி படித்தது விஸ்காம், அதாவது படம் எடுக்கிற படிப்பு. போன வருஷம் செய்முறைத் தேர்வுக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் படம் எடுத்துக் கொண்டுபோனாள். போட்டுப் பார்த்த வாத்தியார்களுக்குப் பத்து நிமிஷமும் தடக்கு தடக்கு என்று தறிச் சத்தம் மட்டும் கேட்டது. இவள் அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் காதுக்கு அது சத்தமாகவே படவில்லை, அதனால் படத்தில் சத்தம் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. பெயில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் அவளிடம் நான் சொன்னேன்: "உங்கப்பா சொல்லிட்டாரு கண்ணு. அடுத்த வருசமும் போச்சுன்னா படிப்பை மூட்டை கட்டிட்டுத் தார் மிசினுக்கு வந்து ஒக்காரோணுமாம்."

அவள் அப்பா வையாபுரி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் தறி ஓட்டியதில் இடது காது சுத்தமாகப் போய், வலது காதும் பாதி போய், எது கேட்டாலும் தலையாட்டுகிற மனுஷன் அவர். சொன்னது நான்தான். தார் மிசினில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றித் தர ஆள் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இப்போது சொல்ல முடிகிறது: அவள் தோற்றுத் திரும்பி வந்த அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி எங்கேயும் போகமாட்டாள், நம்மோடேயே இருப்பாள் என்று வந்த நிம்மதி. பெற்ற பிள்ளை தோற்றதற்குச் சந்தோஷப்பட்டவள் நான். அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அவள் எடுத்தது ஒரு திரில்லர் படத்தின் தொடக்கம், மூன்றே நிமிஷம். ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், கதவு லேசாகத் திறந்திருக்கிறது, வாசலிலிருந்து ஒரு சிவப்பு நூல் தரையோடு உள்ளே ஓடுகிறது, அவள் அதைப் பிடித்துக்கொண்டே ரூம் ரூமாகப் போகிறாள், கடைசியில் ஒரு கதவைத் திறந்து எதையோ பார்த்து அலறுகிறாள், படத்தின் பேர் வருகிறது, அவ்வளவுதான். என்னத்தைப் பார்த்தாள் என்று கேட்டேன். "அதைக் காட்டறதுக்குக் காசு இல்லம்மா, அதனால காட்ட மாட்டோம்" என்றாள்.

கூட இரண்டு பேர். ஜாபர் என்கிற பையன், கேமராவும் சத்தமும் அவன் பொறுப்பு. ரெஜினா என்கிற பெண், நடிப்பது அவள் பொறுப்பு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு சார்ட் ஒட்டிப் பட்டப்பகலை ராத்திரி ஆக்கினார்கள், ரத்தத்துக்குச் சாயப்பட்டறையிலிருந்து சிவப்புச் சாயம் வாங்கிவந்தார்கள், அது ரெஜினாவின் கையில் ஒட்டி அவள் இரண்டு வாரம் கல்யாணப் பெண் மாதிரி அலைந்தாள். படம் பிடித்து முடித்தாயிற்று, அலறல் மட்டும் பாக்கி. அங்கேதான் இடித்தது. ரெஜினா ஏழு வயசிலிருந்து சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருப்பவள், அலறச் சொன்னால் சுருதி சுத்தமாக அலறினாள். எத்தனை முறை எடுத்தாலும் யாரோ ஆராதனை ஆரம்பிக்கிற மாதிரியே இருந்தது.

அதனால் ஜாபர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினான்: கத்தத் தெரிந்த பெண் தேவை. செவ்வாய்க்கிழமை, கரண்ட் இல்லாத நாள். இடம் பாப்பாத்தி அக்கா தறிக்குடோன். சம்பளம் கிடையாது, டீ உண்டு.

ஒருத்தி வந்தால் போதும் என்றுதான் ஒட்டினான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. குடோனுக்குள் காடாத் துணிப் பேல்களைச் சுவர் மாதிரி அடுக்கி, நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, மைக்கை நேராகக் கேமராவிலேயே சொருகியிருந்தான் ஜாபர். தனியாகச் சத்தம் பிடிக்கிற மிசின் வாடகைக்கு எடுக்க வழியில்லை. படம் பிடித்த அதே நகத்தளவு கார்டிலேயே சத்தமும் ஏறட்டும் என்று விட்டுவிட்டான்.

முதலில் போனது பாப்பாத்தி அக்காவே. புருஷன் போய்ப் பதினோரு வருஷம், எங்கள் வீதியில் பாதித் தறிக்குத் தார் சுற்றித் தருகிறவள்.

"எப்படிக் கத்தோணும் சாமி?"

"கதவைத் தொறக்கறீங்க. உள்ள ஒண்ணு இருக்குது. அதைப் பாத்துட்டீங்க. அவ்வளவுதான்க்கா" என்றாள் கோகிலா.

"என்ன இருக்குது?"

"உங்களுக்குப் புடிக்காதது ஏதாவது."

பாப்பாத்தி அக்கா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகினாள். பிறகு வாயைத் திறந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம், வீதியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து உட்கார்ந்தன, வரிசையில் நின்ற நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம், இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் அவள் குரல் இப்படி இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. பதினோரு விநாடி. முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதானா, இன்னொருக்கா கத்தோணுமா?" என்று கேட்டபடி வெளியே நடந்தாள். அவள் நடந்தபோது செருப்புச் சத்தம் வரவில்லை, தரையில் கிடந்த பஞ்சுத் தூசிகூடப் பறக்கவில்லை. அதே நேரத்தில் உள்ளே கேமரா ஸ்டாண்டு மூன்று காலும் மடங்கிக் கீழே உட்கார்ந்தது.

ஜாபர் கேமராவைத் தூக்கிப் பார்த்தான், முனகினான். குடோனில் அதைத் தாங்குகிற மாதிரி இருந்தது நூல் மூட்டை எடை போடுகிற மேடைத் தராசு ஒன்றுதான். அதன்மேல் வைத்தார்கள். முள் ஒன்பது கிலோவில் நின்றது. காலையில் அந்தக் கேமரா முக்கால் கிலோகூட இல்லை.

"இதென்ன, கத்துனா எறங்கிருதா?" என்று கேட்டாள் பின்னால் நின்ற நாச்சிமுத்து சம்சாரம். வரிசை அசைந்து ஒரு அடி முன்னால் வந்தது, வீட்டுக்குப் போயிருந்தவர்கள் தங்கச்சியையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள், அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள், ஈரத்தலையோடு வந்தார்கள், யாரோ ஒரு அண்டா மோரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பேல்களுக்கு நடுவில் போய் நின்று, தனக்குப் பிடிக்காததைக் கண்ணால் பார்த்துக் கத்திவிட்டு, வரும்போது தராசு முள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு மோர் குடிக்கப் போனாள். ஒருத்திக்குப் பதினொன்று, ஒருத்திக்கு ஏழு, நேற்றுக் கல்யாணமாகி வந்த மாதிரி இருக்கிற ஒரு சின்னப் பெண்ணுக்கு இருபத்திரண்டு. அவளை நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, மோர் மட்டும் இரண்டு டம்ளராகக் கொடுத்தோம்.

நான் பதினேழாவது ஆள். உள்ளே போனதும் கோகிலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மைக்கைப் பார்த்தேன். எனக்குக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கத்தி முடித்தபோது என் உடம்பு காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. முள் பதினெட்டு கிலோ ஏறியிருந்தது. "அம்மா, 18" என்று மகள் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் செங்கோடண்ணன் வந்தார். வீதியில் எந்தத் தறி நின்றாலும் ஓடவைக்கிற மேஸ்திரி, வாய் நிறைய வெற்றிலையும் ஊர் நிறையக் கேலியுமாகத் திரிகிற மனுஷன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொம்பளைங்க மட்டுந்தானா?" என்றார்.

"எங்களுக்குப் பொம்பளைக் குரல்தாண்ணா வேணும்" என்றான் ஜாபர்.

"வேணும்னா வெச்சுக்க. வேணாம்னா வுடு."

அவர் கத்தியபோது முள் நாற்பத்தொரு கிலோ ஏறியது. அன்றைக்கு அதுதான் ஒசத்தி. வாசலில் நின்ற நாங்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அப்புறம் கரண்ட் வந்தது, தறிகள் ஓடின. ஜாபர் கேமராவிலிருந்து கார்டை உருவினான், அது அவன் விரலை விட்டு நழுவித் தரையில் விழுந்து சிமெண்டை ஒரு விரல் ஆழம் உடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நாற்பத்தொரு பெண்களும் ஒரு ஆணும், மொத்தம் அறுநூற்றுச் சொச்சம் கிலோ. கேமரா பழையபடி முக்கால் கிலோ ஆகிவிட்டது.

இதை எங்கள் வீதி எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், சம்பள உயர்வை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது, அதாவது இது எப்போதோ வந்திருக்க வேண்டியது என்று. அடுத்த நாள் காலை பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார்கள். பாப்பாத்தி அக்கா பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக விடிந்தது தெரியாமல் தூங்கினாள். தறியில் இழை அறுவது பாதியாகக் குறைந்தது, துணி எடுக்க வந்த முதலாளி ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நூலை மாத்தீட்டீங்களா?" என்றார். புருஷன்மார்களுக்குத்தான் கொஞ்சம் பயம். ராத்திரி கட்டிலோடு கயிற்றால் கட்டி வைக்கலாமா, பறந்து கிறந்து போய்விடுவாளா என்று ஒருத்தர் ஜோசியரிடமே கேட்டாராம். ஜோசியர் சம்சாரமும் கத்திவிட்டு வந்தவள், அவள் உள்ளேயிருந்து, "அதெல்லாம் ஒண்ணும் பறக்க மாட்டோம், சோத்தைத் தின்னுட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்றாள்.

கிலோக் கணக்கில் போட்டியும் வந்தது, வராமல் இருக்குமா? "அவளுக்கு என்ன கேடு, இருபது கிலோ? மாமியாரும் இல்ல, நாத்தனாரும் இல்ல" என்று ஒருத்தி சொல்ல, "உனக்கு ஆறரைதான், நீ பேசாத" என்று இன்னொருத்தி சொல்ல, குழாயடியில் ஒரு நாள் தண்ணி போனது தெரியாமல் சண்டை நடந்தது. ஆனால் அந்த மூன்று பிள்ளைகளுக்குத் தட்டு தட்டாகச் சோறு போயிற்று. ஒரு வீட்டில் பணியாரம், ஒரு வீட்டில் கறிக்குழம்பு, ஜாபருக்கென்று தனியாக ஹலால் கடையில் வாங்கிய கோழி. அவர்களைப் பார்த்தால் பெண்கள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். எங்கள் வீதியில் யாரும் யாருக்கும் நன்றி என்று வாயால் சொல்வதில்லை, சோறாகத்தான் சொல்வோம்.

கோகிலா சாப்பிடவில்லை. கார்டைத் தூக்க முடியாததால், குடோன் தரையில் குப்புறப் படுத்து, லேப்டாப்பைத் தரையில் வைத்து, ஒயரோடு இருக்கிற கார்டு ரீடரைக் கிடந்த இடத்திலேயே கார்டில் மாட்டி, காதில் ஹெட்போனோடு படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். படம் தயாராகிவிடும், அதில் சந்தேகமில்லை. கல்லூரியின் விதிதான் பிரச்சினை. போன வருஷம் நான்கு பையன்கள் ஏதோ வெளிநாட்டுப் படத்தின் தொடக்கத்தை அப்படியே இறக்கித் தங்கள் படம் என்று கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து, முடித்த படத்தோடு, படம் பிடித்த கார்டையே வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொண்டுவந்து துறைத்தலைவர் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். கல்லூரி பதினான்கு கிலோமீட்டர். துறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

"ஒரு அலறல்தான கோகி வேணும். மத்ததையெல்லாம் அழிச்சிட்டா லேசாயிடும்" என்றான் புதன்கிழமை ஜாபர். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவனுக்கும் அது கடைசி வாய்ப்பு. பரீட்சித்துப் பார்க்கலாம் என்று, எப்படியும் தேவைப்படாத ஆண் குரலைத் தேர்ந்தெடுத்து அழித்தான்.

டீக்கடையில் நின்றுகொண்டிருந்த செங்கோடண்ணன் கையில் கிளாஸோடு அப்படியே ரோட்டில் உட்கார்ந்தார். கூட்டம் கூடிவிட்டது, நெஞ்சுவலி என்றுதான் நினைத்தார்கள். கோகிலா ஓடிவந்து அவர் முன்னால் மண்டி போட்டாள். அவர் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், அவள் முகத்தைப் பார்த்து நடந்ததைப் புரிந்துகொண்டு, கையை ஆட்டினார். "பரவால்ல கண்ணு. எனக்குப் பழகுனதுதான்."

திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்த வார்த்தைக்கு வீதி என்று பார்க்காமல் உட்கார்ந்து அழுதாள். திரும்பக் கத்த வைக்கலாம் என்றால் தறி ஓடுகிற சத்தத்தில் மைக்கில் எதுவும் ஏறாது, அடுத்த பராமரிப்பு நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று செங்கோடண்ணனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசாமல் எங்கள் குடோனுக்குள் போய் நான்கு தறியையும் நிறுத்தினார். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் நாங்கள், கரண்ட் இருக்கும்போது தறியை நிறுத்துவது எங்கள் வீதியில் சாவு வீட்டில்கூட நடக்காது. பக்கத்துக் குடோன்காரர் எட்டிப் பார்த்தார், இவர் செங்கோடண்ணனைக் கைகாட்டினார், அவரும் போய் மோட்டாரை அணைத்தார், அடுத்தவர் அணைத்தார், எதிர் வரிசை அணைத்தது, மேற்கிலிருந்து கிழக்காக வீதி ஒவ்வொரு குடோனாக அமைதியாகிக்கொண்டே போய், கடைசித் தறியும் நின்றபோது ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. நாலு பேர் செங்கோடண்ணனைக் கைத்தாங்கலாகத் தூக்கிவந்து மைக் முன்னால் விட்டார்கள். அவர் கத்தினார். மறுபடியும் நாற்பத்தொன்று, ஒரு கிராம் குறையவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "போங்க, போய்த் தறியைப் போடுங்க, வேடிக்கை பாத்தது போதும்" என்று எல்லோரையும் விரட்டினார். அதன் பிறகு ஜாபர் அழிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் கோகிலா சமையல்கட்டுக்கு வந்தாள்.

"தார் மிசினைத் தொடச்சு வைம்மா. கார்டு இங்கயே கெடக்கட்டும். யாரோடதும் யாருக்கும் திரும்பி வர வேண்டாம்."

ஒரு வருஷம் முன்னால் நான் கேட்டது கிடைத்துவிட்டது. என் மகள் என்னோடேயே இருப்பாள். எனக்குப் பதினெட்டு கிலோ குறைந்திருந்தது, அதனால்தானோ என்னவோ, அவள் சொன்னதற்கு மனசுக்குள் நிம்மதி வருகிறதா என்று நன்றாகத் தேடிப் பார்க்க முடிந்தது. வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நேராகப் பாப்பாத்தி அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, எறக்கி வெச்சது நாம. தூக்கறதுக்கு அந்தப் புள்ளைங்க எப்படிக்கா ஆவும்?"

பாப்பாத்தி அக்கா இலையிலிருந்து கையை எடுக்காமலே, "காலைல எத்தன மணிக்கு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தறியிலிருந்து அறுத்த புதுக் காடாத் துணி பன்னிரண்டு மீட்டர் கொண்டுவந்தோம். நாலாக மடித்துத் தரையில் விரித்து, கடப்பாரையால் கார்டை நெம்பி அதன் நடுவில் தள்ளினோம். நாற்பத்தொரு பெண்களும் செங்கோடண்ணனும் சுற்றி நின்று துணியின் ஓரத்தை ஆளுக்கு ஒரு பிடி பிடித்தோம். "ஏலேய் தூக்கு" என்றார் அவர். தூக்கினோம். வந்துவிட்டது. யாருக்கும் அடுத்தவள் பாரம் தெரியவில்லை, அவரவர் கைக்கு அவரவருடையது மட்டும் வந்தது, அது எவ்வளவு என்றும் எந்தப் பக்கம் இழுக்கும் என்றும் எங்களுக்கு வருஷக்கணக்காகத் தெரியும். "என்னுது வந்துருச்சு, அப்படியே இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாள் அந்த இருபத்திரண்டு கிலோச் சின்னப் பெண். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றோம். கையில் இருந்தால் பாதிதான் கனக்கிறது.

துணி ஏற்றுகிற டெம்போக்காரர், வண்டித் தரையில் வைத்தால் அச்சு முறிந்துவிடும், கையில் பிடித்துக்கொண்டு நின்றால் பரவாயில்லை என்றார். அவர் கணக்கு அவருக்கு. வண்டி நடக்கிற வேகத்தில்தான் போயிற்று, பதினான்கு கிலோமீட்டரும் பிடித்துக்கொண்டே நின்றோம், மேட்டில் வண்டி திணறியபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், அது ஏறிவிட்டது.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "யாரும்மா நீங்கெல்லாம்?"

"நாங்க சவுண்டு டிப்பார்ட்மெண்ட்டுங்" என்றாள் பாப்பாத்தி அக்கா.

மாடிப்படி குறுகல். துணியை நீளமாக்கி இரண்டிரண்டு பேராக ஏறினோம், முன்னால் கோகிலா வழிவிடச் சொல்லிக்கொண்டே போனாள், வகுப்பில் இருந்த பிள்ளைகள் வராந்தாவுக்கு வந்து நின்று பார்த்தார்கள், இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருத்திக்குச் செருப்பு அறுந்தது, பிடியை விடாமல் வெறுங்காலோடு ஏறினாள். மூன்றரை மணிக்குத் துறைத்தலைவர் ஸ்டீபன் சார் அறையில் கொண்டுபோய்த் துணியோடு தரையில் வைத்தோம். டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டது. அவர் குனிந்து கார்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விதி என்னவோ அதன்படி நடந்திருக்கிறது என்பதால் கம்ப்யூட்டரைத் திறந்தார். ரீடர் ஒயரை மேஜையிலிருந்து கீழே விட்டு, படம் அந்தக் கார்டில் பிடித்ததுதான் என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விளக்கை அணைத்து முடித்த படத்தைப் போட்டார்.

கதவு திறந்திருந்தது. சிவப்பு நூல் ஓடியது. ரெஜினா அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு அறைகளுக்குள் நடந்தாள், என் வீடு எனக்கே பயமாக இருந்தது. தறிச் சத்தம் துளி இல்லை. கடைசிக் கதவு. அவள் முகம் மட்டும் தெரிந்தது, பிறகு அலறல் வந்தது. ஸ்டீபன் சார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இருட்டில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. படத்தின் பேர் வந்தது, விளக்கைப் போட்டார்கள்.

அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். "யாரோட குரல் இது?"

"என்னுதுங்க" என்றோம் நாற்பத்தொரு பேரும். செங்கோடண்ணன்கூட வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஸ்டீபன் சார் தாளில் மதிப்பெண் எழுதினார். எழுதிவிட்டு, "தேறிட்டம்மா, நல்லாவே தேறிட்ட" என்று கோகிலாவிடம் சொன்னார். ஜாபரும் ரெஜினாவும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். என் மகள் குதிக்கவில்லை, துணி ஓரத்தில் கார்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரும்பவும் இதை எப்படி இறக்கிக் கொண்டுபோவது என்று யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, எங்களுக்கும் அதே யோசனைதான்.

அப்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கெட்ட செய்தி சொல்கிறவர் மாதிரி சொன்னார்: "ஒரு விஷயம். இந்தக் கார்டு இனிமே டிப்பார்ட்மெண்ட்டோடது. கவர்ல போட்டு சீல் வெச்சு பீரோவுக்குள்ள வெச்சிருவோம். திருப்பித் தர முடியாது."

நாங்கள் எல்லோரும் பாப்பாத்தி அக்காவைப் பார்த்தோம்.

"எத்தன வருசத்துக்குங்?" என்று கேட்டாள் பாப்பாத்தி அக்கா.

"எப்பவுமேதாம்மா. மன்னிச்சுக்கங்க, ரூல்ஸ் அப்படி."

"நாங்களே வந்து கேட்டாலும்?"

"கேட்டாலும் தரமாட்டோம்மா."

"அழிச்சுகிழிச்சுற மாட்டீங்களே?"

"அதெப்படி? அழிக்கவே கூடாது."

நாங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டோம். எதற்கென்று தெரியாமலே அவரும் எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டார். கடைசித் தடவையாகத் துணியைத் தூக்கி இரும்பு பீரோவின் அடித்தட்டில் கார்டை இறக்கினோம், பீரோவின் கால்கள் இரண்டு விரல் தரைக்குள் இறங்கின, அதோடு நின்றன. அவர் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கார்டைப் பெற்றுக்கொண்டதாகக் கோகிலாவிடம் ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். எத்தனையோ கோயிலுக்குப் போய் எத்தனையோ முடி இறக்கியிருக்கிறோம், இந்த மாதிரி ரசீது எழுதிக் கொடுத்து யாரும் எங்களிடமிருந்து எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

திரும்பி வரும்போது டெம்போவில் ஆளுக்கு ஆள் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. கோகிலா என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சென்னையில் எடிட்டிங் படிப்பு இருக்கிறதாம், இந்தத் தேர்ச்சியோடு அதற்கு எழுதிப் போடலாமாம், அதை என்னிடம் சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். போய்ட்டு வா என்று சொன்னேன். அதற்குமேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"கோகிலா, போன வருசம் தார் மிசினுக்கு வரச் சொன்னது உங்கப்பா இல்ல. நாந்தான். நீ பெயிலாயி வந்தப்ப எனக்குள்ள சந்தோசமா இருந்துச்சு கண்ணு."

அவள் காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"மூணு நாள் தரைல படுத்துட்டு எல்லாரோடதையும் கேட்டேன். உன்னோடதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். மொத நாளே புரிஞ்சிருச்சு."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. அன்னிக்கெல்லாம் சாப்பிடலை, நீதான் பாத்தியே." கம்பியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "படத்துல இருக்கறது உன்னோடதும்மா. நாப்பது பேரோடதையும் வெச்சு வெச்சுப் பாத்தேன், வேற எதுவும் அந்த எடத்துல நிக்கல."

டெம்போவில் பாப்பாத்தி அக்கா அது தன் குரல்தான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், இருபத்திரண்டு கிலோப் பெண் இல்லை இல்லை என்னுது என்று மல்லுக்கு நின்றாள். நாங்கள் இருவரும் அதைத் திருத்தவில்லை. நான் என் மகளின் கையைப் பிடித்து, பெற்ற பிள்ளையிடம் எங்கள் வீதியில் யாரும் சொல்லாத அந்த வார்த்தையை, நன்றி கண்ணு என்று, வாய் விட்டுச் சொன்னேன்.